வீடு காலி என்று சொன்னது யார்?

தொண்ணூற்றொன்றில் நாங்கள் தோற்றது சாதாரணத் தோல்வி இல்லை. மே மாதம் எங்கள் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரில், குண்டு வெடித்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. தேர்தல் ஜூனுக்குத் தள்ளிப்போனது. ஜனங்கள் அழுத கண்ணோடு வந்து ஓட்டுப் போட்டார்கள், எங்களுக்குப் போடவில்லை. விஷயம் அவ்வளவுதான். ஆனால் தோற்றவனுக்கு அவ்வளவுதான் என்று ஒப்புக்கொள்ள மனசு வருமா? விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல ஒரு காரணம் வேண்டாமா? எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் பூத்தில் மட்டும் பதினான்கு பேருக்கு வாக்காளர் பட்டியலில் பேர் இல்லை, திருப்பி அனுப்பப்பட்டார்கள். "அவனுங்கதான் லிஸ்ட்ல பேர எட்த்துட்டானுங்க" என்று நாங்கள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். பதினான்கு ஓட்டும் எங்களுக்கே விழுந்திருந்தாலும் நாங்கள் ஜெயித்திருக்க மாட்டோம் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தால் என்ன, கத்துவதற்குத் தெம்பு வேண்டுமே.

சேரப்பணஞ்சேரியிலிருந்து படப்பை போகிற சாலையில், இப்போது கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று ஷிப்டு ஆட்களை ஏற்றுகிற முனையில், அப்போது என் வாடகை சைக்கிள் கடை இருந்தது. பஞ்சரும் ஒட்டுவேன். தேர்தல் வந்தால் எங்கள் கட்சிக்கு நான்தான் பூத் ஏஜெண்ட். ஊரில் யார் யார் எந்த வீடு, யாருக்கு எத்தனை பிள்ளை, யார் பெண் எங்கே கட்டிக்கொண்டு போனாள் எல்லாம் எனக்கு மனப்பாடம் என்று ஒரு பேர். பேர் என்ன, நானே கிளப்பிவிட்டதுதான். முடிவு வந்த மறுநாள் கடையைத் திறந்ததும் முதலில் வந்தவன், "இன்னா தலைவரே, ஊரே அந்தப் பக்கம் சாஞ்சிட்ச்சே, உன் ஸ்டாண்டாவது நிக்குதா?" என்றான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். அவனுக்கு அன்றைக்கு சைக்கிள் கொடுக்கவில்லை. நடந்து போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவள் வந்தாள். செங்கல் சூளையில் கல் சுமக்கிறவள், முப்பது வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை. புருஷன் போன மார்கழியில்தான் காய்ச்சலில் போய்விட்டிருந்தான். அவன் அண்ணன்தான் எங்கள் கட்சியின் கிளைச் செயலாளர்.

"அண்ணே, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். ஓட்டுப் போட வந்தப்போ என் பேரு இல்லேன்னு சொன்னியே, ஏன் இல்ல?"

"அத கவர்மெண்ட்டாண்ட போய் கேளும்மா" என்றேன், டியூபிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கவர்மெண்ட்டு எங்க குந்தினு கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? லிஸ்ட்ட வெச்சிக்கினு குந்தினு இருந்தது நீதான!"

அது சரிதான். அன்றைக்கு அவள் வெயிலில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே வந்தாள். பூத் ஆபீசர் வாயைத் திறப்பதற்குள் நான்தான் என் கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, "பேரு இல்லம்மா, கெளம்பு கெளம்பு" என்றேன். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செயலாளர் வீட்டோடு அவளுக்கு ஆகாது, எங்களுக்கு எங்கே போடப் போகிறாள் என்று அந்த நிமிஷம் எனக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பிறகு வெளியே வந்து, பேரை எடுத்துவிட்டார்கள் என்று கத்தினேனே, அந்தப் பதினான்கில் அவளையும் சேர்த்துத்தான் கத்தினேன். வெட்கம் கெட்ட வேலை.

"இனிமே ஓட்டு அஞ்சு வருஷம் கழிச்சிதானம்மா. இப்ப இன்னா அவசரம்?"

அப்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். நத்தத்தில் குடியிருப்பவர்களுக்கு மனைப்பட்டா கொடுக்கப் போகிறார்கள். துணைத் தாசில்தார் அடுத்த புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் விசாரணைக்கு வருகிறார். அவள் குடியிருக்கிற கூரை வீட்டு மனையைத் தன் பேருக்குக் கேட்டு மூத்தார், எங்கள் செயலாளர்தான், எழுதிக் கொடுத்திருக்கிறார். தம்பி செத்தபின் அவள் தாய் வீட்டுக்கே போய்விட்டாள், இங்கே குடியிருப்பு இல்லை என்பது அவர் பேச்சு. கிராம அதிகாரி அவளிடம், "நீ இங்கதான் இருக்கேங்கறதுக்கு ஓட்டர் லிஸ்ட்ல பேராவது இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"பேரு இல்லன்னா நான் இல்லியாம். அந்த வூட்ட வுட்டா எனக்கும் கொயந்தைக்கும் போக்கிடம் ஏதுண்ணே? எங்கம்மா வூட்ல ஏற்கெனவே எட்டுப் பேரு." அழவில்லை. கோபமாகத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு உறைத்தது.

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்து கிளம்பினேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு வந்தது அரிப்பு. உண்மையிலேயே யார் எடுத்தார்கள் அந்தப் பேர்களை? கத்தினோமே தவிர, ஒருத்தனும் போய்ப் பார்க்கவில்லை. எதிர்க்கட்சி ஏஜெண்ட் ஒரு சோம்பேறி, தன் பேரையே சரியாக எழுதத் தெரியாதவன். பதினான்கு பேரைப் பொறுக்கி எடுக்கிற சாமர்த்தியம் அவனுக்கு எங்கிருந்து வந்தது?

அன்று சாயங்காலம் செயலாளர் வீட்டில் கலெக்டருக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். பட்டியல் மோசடி, மறு விசாரணை வேண்டும் என்று. "நான் போய் ஆதாரம் எடுத்தாறேன்" என்றேன். எல்லாரும் தட்டிக்கொடுத்தார்கள். செயலாளர் மட்டும் என்னை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து, "மச்சான், என் தம்பி பொண்டாட்டி பேரு ஒண்ணு அதுல கீது பாரு, அத மட்டும் வுட்ரு. பதிமூணுன்னு போட்டுக்கலாம். அது எங்க வூட்டு விஷயம்" என்றார்.

என்னிடம் ஒரு கெட்ட புத்தி. இதை விட்டுவிடு என்று யாராவது சொன்னால் அதைத்தான் நோண்டுவேன். பஞ்சர் ஒட்டுகிறவன் டியூபைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பானே, அந்தப் பழக்கம்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு கிளார்க், பல்லைக் குத்திக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "தோத்தவங்கள்லாம் வூட்டுக்குப் போயிட்டாங்க. நீ இன்னாய்யா இன்னும் சுத்திக்கினு கீற?" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. "தோத்தவனுக்குத்தான் சார் நேரம் கீது" என்றேன். சிரித்துவிட்டார். சிரித்தபின் மனிதர் நல்லவராகிவிட்டார். பொங்கலுக்கு அப்புறம் வீடு வீடாகக் கணக்கெடுத்து எழுதியது ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அவர் குன்றத்தூரில் இருக்கிறார், கையால் எழுதிய தாளின் கார்பன் காப்பி அவரிடம் இருந்தாலும் இருக்கும் என்று வழி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை மிதித்துக்கொண்டு குன்றத்தூர் போனேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. வாத்தியாரை எப்படி மடக்குவது, யார் சொல்லி எடுத்தீர்கள் என்று எப்படிக் கேட்பது, அவர் எதிர்க்கட்சிக்காரன் பேரைச் சொன்னதும் எப்படிச் சிரிப்பது. மலைக்கோயிலுக்குக் கீழே இரண்டாவது தெருவில் வீடு. வாத்தியார் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, வாங்க வாங்க! அன்னைக்கு நீங்க போட்ட ஒட்டு இன்னிக்கு வரைக்கும் நிக்குதுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய ஃபைலை எடுத்து வந்தார். கார்பன் மை மங்கிப்போயிருந்தது. நான் பதினான்கு பேரையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவர் விரலை வைத்துத் தேடினார். 'திருமணமாகிச் சென்றார்.' 'இறந்தார்.' 'வெளியூர்.' அவள் வீட்டு எண் வந்தது. 'கணவர் இறந்தார். மனைவி தாய் வீடு. வீடு காலி.'

"வூடு காலின்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?"

வாத்தியார் என்னை விநோதமாகப் பார்த்தார். "நீங்கதாங்க."

"நானா?"

"நெனப்பு இல்லீங்களா? என் சைக்கிள் பஞ்சர். உங்க கடை பெஞ்சுல உக்காந்தேன். நீங்க டியூப்ப தண்ணியில வெச்சிக்கிட்டே தெருத் தெருவா சொன்னீங்க, நான் எழுதினேன். மூணு தெரு, ஒரு மணி நேரம். அசந்துட்டேங்க உங்க ஞாபக சக்திக்கு."

நினைப்பு வந்துவிட்டது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்ததுகூட வந்துவிட்டது. பக்கத்தில் இரண்டு பேர் நின்று வாயைப் பிளந்து கேட்க, நான் என்னமோ பரீட்சையில் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் வீடு வந்தபோது, அவள் அங்கே இல்லைதான். காரியம் முடிந்ததும் அவள் அண்ணன் வந்து தண்டலத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். எங்கள் பக்கத்தில் புருஷனை இழந்தவளைத் தாய் வீட்டில் மூன்று மாதம் கொண்டுபோய் வைத்திருப்பார்கள், அப்புறம் கொண்டுவந்து விடுவார்கள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பங்குனியில் திரும்பி வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் வேகத்தில் 'வூடு காலி சார், அடுத்தது எழுதுங்க' என்று சொல்லியிருக்கிறேன். 'இறந்தார்' என்று எழுதிய இரண்டு பேரில் ஒருவர் அதற்கு மறுவாரமே என் கடைக்கு வந்து காற்றடித்துக்கொண்டு போன கிழவர். மாசம் தவறாமல் வருகிற ஆளைக் கொன்றுபோட்டிருக்கிறேன், படுபாவி.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை கேட்டிருக்கிறேன். வெட்டியவனே பூதமாக நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு வாத்தியார்மேல் கோபம் வந்தது. யார்மேலாவது வர வேண்டுமே. "ஏன் சார், வூடு வூடா போயி கேக்கணும்னுதான கவர்மெண்ட்டு உங்கள அனுப்பிச்சது? நான் சொன்னா எழுதிக்கிறதா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "போனேங்க. மொத தெருவுல பத்து வூட்டுக்குப் போனேன். ஆம்பளைங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க. பொம்பளைங்களாண்ட பேரு கேட்டா சொல்றாங்க, வயசு கேட்டா சொல்றாங்க. புருஷன் பேரு கேட்டா ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. ஒருத்தி வானத்த காட்றா, ஒருத்தி முருகன் படத்த காட்றா, ஒருத்தி 'பக்கத்து வூட்ல கேளு சார்'ன்றா. அந்தக் கட்டத்த நிரப்பாம வுட்டா தாள் செல்லாது. கடைசில ஒருத்தர்தான் சொன்னாரு, 'சைக்கிள் கடையாண்ட போ சார், ஊர் மொத்தமும் அவராண்ட கீது'ன்னு."

என் பெண்டாட்டியும் என் பேரைச் சொன்னதில்லை. கடைக்கு வந்தால் "இந்தா" என்பாள்.

"விசாரணைல இத வந்து சொல்லுவீங்களா சார்?"

"வூட்டுக்குப் போகாம எழுதினேன்னு நானே சொன்னா என் வேலை என்னாவறதுங்க? மூணு பசங்க. நீங்க சொன்னத நீங்க சொல்லலாமே" என்றார். கார்பன் தாளை ஃபைலில் வைத்துக் கட்டிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

திரும்பி வந்து செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மோவாயைத் தடவினார். பிறகு என் தோளில் கை போட்டார். "இத யாராண்டயும் மூச்சு வுடாத மச்சான். மனு கலெக்டராண்ட போயாச்சு. பேப்பர்ல வரப் போவுது. அடுத்த மாசம் உன்ன துணைச் செயலாளரா போடறேன்."

எனக்கு ஒரு சந்தேகம், கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப அந்த லிஸ்ட்டு பொய்யா, நெசமா?"

"மனுவுக்குப் பொய். புதன்கிழமைக்கு நெசம்" என்றார். சிரிக்கவே இல்லை.

துணைச் செயலாளர் பதவியை நான் வேண்டாம் என்று அங்கேயே உதறினேன் என்று எழுத ஆசைதான். எட்டு வருஷம் போஸ்டர் ஒட்டியவன் நான். பசை வாளி தூக்கியவனுக்குப் பதவி என்றால் நாக்கில் எச்சில் ஊறாதா? ஊறியது. இரண்டு நாள் அவள் சூளைக்குப் போகிற நேரத்தில் கடைக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் செயலாளர் சொன்ன அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஜெயித்தவன் மோசம் என்று ஊரைக் கூட்டினோமே, தோற்ற நாங்கள் யார்?

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருந்தார்கள். ஊரில் பாதிப் பேர் இருந்தார்கள். துணைத் தாசில்தார் வேகமான ஆள், பேர் கூப்பிடுவார், இரண்டு கேள்வி, அடுத்தது. அவள் மனை வந்ததும் செயலாளர் எழுந்து வாக்காளர் பட்டியலின் நகலை இரண்டு கையாலும் நீட்டினார், கோயிலில் தட்டு நீட்டுகிற மாதிரி. "பாருங்க சார், கவர்மெண்ட்டு லிஸ்ட்டு. இந்த வூட்ல யாரும் இல்ல. தம்பி பொண்டாட்டி அம்மா வூட்டோட பூட்ச்சி."

"நான் இங்கதான் சார் கீறேன்" என்றாள் அவள்.

"லிஸ்ட்ல இல்லியேம்மா. வேற ஏதாவது ஆதாரம் கீதா?"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூட நான் வேறு பக்கம் திரும்பியிருப்பேனோ என்னவோ. என் கால் தானாக எழுந்தது.

"சார், அந்த லிஸ்ட்டு தப்பு. தப்பு பண்ணது நான்."

கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு, டீ, வீடு காலி என்றது, கிழவரைக் கொன்றது வரைக்கும். கடை பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தார் என்று துணைத் தாசில்தார் கேட்டார், அதை மட்டும் சொல்லவில்லை. செத்துப்போன கிழவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார், "அடப்பாவி, நான் ஓட்டு போட முடியாம திரும்பி வந்ததுக்கு நீயா காரணம்?" என்று தடியை ஓங்கினார். ஊரே சிரித்தது. செயலாளர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. "மனுவுக்கு பொய்யுன்னீங்களே, அது இதுதான்" என்று அவரைப் பார்த்தும் சொல்லிவிட்டேன். வாய் திறந்தால் எனக்கு அளவு தெரியாது.

"யோவ், இத எழுதித் தருவியா? நாளைக்கு மாத்திப் பேச மாட்டியே?" என்றார் துணைத் தாசில்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். அவளைப் பார்த்து, "பேரு?" என்றார். சொன்னாள். "கணவர் பேரு?"

அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. செயலாளர் வேறெங்கோ பார்த்தார். தம்பி பேரை அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. துணைத் தாசில்தார் பேனாவைத் தட்டினார். "சொல்லும்மா, நேரமாவுது."

எனக்குத்தான் தெரியுமே. அவன் என் கடையில் எத்தனை தடவை சைக்கிள் எடுத்தவன்! நான் வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ சும்மா இருண்ணே."

பிறகு அவன் பேரைச் சொன்னாள். உரக்க, அப்பன் பேரோடு சேர்த்து. குடும்பம் நடத்திய காலமெல்லாம் ஒரு தடவைகூடச் சொல்லாத பேர். கூட்டத்திலிருந்த பெண்கள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். நானும் அழுதேன். எனக்கென்ன, மறைப்பானேன்.

மனை அவள் பேருக்கு ஆயிற்று. கட்சியில் என்னைத் துணைச் செயலாளராகவும் போடவில்லை, ஏஜெண்ட் வேலையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். "இன்னும் எதுக்குப்பா அரசியல்? கடைய பாரு" என்று என் சொந்தக்காரர்களே சொன்னார்கள். எனக்கு விட மனசில்லை. மீதிப் பதின்மூன்று பேர் வெளியே நிற்கிறார்களே, நான் தள்ளியவர்கள். பட்டியல் திருத்தத்துக்கு மறுபடி ஆள் வந்தபோது, விண்ணப்பத் தாள்களை வாங்கிக்கொண்டு நானே வீடு வீடாகப் போனேன். யாரும் அனுப்பவில்லை. முதலில் அவள் வீடு.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்து, அவள் பேரை எழுத ஆரம்பித்தேன். அவள் பேர் தெரியும், கணவர் பேர் தெரியும், வீட்டு எண்ணும் தெரியும். அவள் ஈரக் கையோடு வந்து தாளின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னாம்மா, மை கலையுது பாரு. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சிதானண்ணே போன தடவ நான் இல்லாம போனேன்" என்றாள். "என்னக் கேளு. கேட்டு எழுது."